அப்பாவின் ‘ஹாட் ராட்’ இனி யாருக்கு? பழைய கார் ரசனை தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது ஏன்?

2021 ஜூன் மாதம் லாஸ் வேகாஸில் நடந்த பாரெட்-ஜாக்சன் ஏலத்தில் ஆரஞ்சு நிற 1994 டொயோட்டா சுப்ரா ஒன்று 5.5 லட்சம் டாலருக்குப் போனது. ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ படத்தில் பால் வாக்கர் ஓட்டிய கார் அது. இரண்டு வருஷம் கழித்து, அதே வரிசையில் 2009-ல் வந்த படத்தில் அவர் ஓட்டிய நீல நிற நிஸான் ஸ்கைலைன் ஆர்34, போன்ஹாம்ஸ் ஏலத்தில் 13.57 லட்சம் டாலரைத் தொட்டது.

அதே அமெரிக்காவில், நன்றாக ஓடும் நிலையில் இருக்கும் 1930-ம் வருஷத்து ஃபோர்டு மாடல் ஏ ஒன்றை 15,000 முதல் 20,000 டாலருக்குள் வாங்கிவிடலாம். அங்கே ஒரு புது டொயோட்டா கொரோலாவின் விலையே அதைவிட அதிகம்.

பழசாக ஆக மதிப்பு கூடும்னுதானே நாம நினைப்போம்? 90 வயதைத் தாண்டிய கார் மலிவாகவும், 30 வயதுகூட ஆகாத கார் எட்டாத விலையிலும் இருப்பது எப்படி? சினிமாவில் நடித்த கார் என்பதற்கான கூடுதல் விலையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்தக் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

பதில் காரின் வயதில் இல்லை. வாங்குபவரின் வயதில் இருக்கிறது. அந்த வாங்குபவர்கள் இப்போது கூட்டமாக மாறிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிறந்த ‘பேபி பூமர்’ தலைமுறை (1946 முதல் 1964 வரை பிறந்தவர்கள்) தன் ஷெட்டைக் காலி செய்யத் தொடங்கியிருக்கிறது. அந்த ஷெட்டில் இருப்பதை வாங்க அடுத்த தலைமுறை அவ்வளவு ஆர்வமாக இல்லை. எந்தப் பழைய கார் தப்பிக்கும், எது காயலான் கடைக்குப் போகும் என்பது அடுத்த பத்து பதினைந்து வருஷத்தில் முடிவாகிவிடும்.

முதலில், ஹாட் ராட் என்றால் என்ன?

1932-ல் ஃபோர்டு கம்பெனி ஒரு காரியம் செய்தது. அதுவரை பணக்காரர் வண்டிகளில் மட்டுமே இருந்த வி8 எஞ்சினை, சாதாரண ஆள் வாங்கக்கூடிய காரில் வைத்தது. 65 குதிரைத்திறன். ரோட்ஸ்டர் மாடலின் விலை 500 டாலருக்கும் கீழே. அமெரிக்கர்கள் செல்லமாக ‘டியூஸ்’ என்று கூப்பிடும் கார் இதுதான்.

பத்து வருஷத்தில் இந்தக் கார்கள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் அடிமாட்டு விலைக்கு வந்தன. தெற்கு கலிஃபோர்னியாவில் கையில் காசில்லாத, ஆனால் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த பையன்கள் அவற்றை வாங்கினார்கள். எடை குறைய மட்கார்டு, பம்பர் எல்லாவற்றையும் கழற்றினார்கள். காற்றைக் கிழித்துப் போக கூரையை அறுத்துக் குள்ளமாக்கினார்கள். எஞ்சினைப் பிரித்து மேய்ந்தார்கள். பிறகு மொஹாவி பாலைவனத்தில் வற்றிப்போன ஏரிகளின் தரையில் கொண்டுபோய், யார் வண்டி வேகம் என்று பார்த்தார்கள். இந்தப் பந்தயங்களை ஒழுங்குபடுத்த 1937-லேயே ஒரு சங்கம் வந்துவிட்டது. போர் முடிந்து, ராணுவத்தில் எஞ்சின் வேலை கற்ற இளைஞர்கள் ஊர் திரும்பியதும் கூட்டம் பல மடங்கானது. ‘ஹாட் ராட்’ பத்திரிகையின் முதல் இதழ் 1948 ஜனவரியில் வெளியானது.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தப் பையன்களுக்கு 1932 ஃபோர்டு ‘கிளாசிக்’ கிடையாது. கையில் இருக்கும் காசுக்குக் கிடைத்த பழைய வண்டி, அவ்வளவுதான். நம்ம ஊரில் காலேஜ் பையன் ஒருவன் பத்து வருஷப் பழைய பைக்கை வாங்கி சைலன்சரை மாற்றுவது மாதிரி. அது கிளாசிக் ஆனது, அந்தப் பையனுக்கு 45 வயதான பிறகு.

15 வயதில் பார்த்தது, 50 வயதில் வாங்குவது

உளவியலில் ‘நினைவு மேடு’ என்று ஒரு கருத்து உண்டு. 40 வயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லச் சொன்னால், 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவையே அளவுக்கு மீறி அதிகமாக வந்து விழும். முதல் வேலை, முதல் காதல், முதல் வண்டி எல்லாம் அந்தக் காலகட்டத்தில்தான் இருக்கின்றன.

ரசனைக்கும் இது பொருந்துமா? மோரிஸ் ஹோல்ப்ரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1989-ல் இசையை வைத்துப் பார்த்தார்கள். சுமார் 24 வயதில் பிரபலமாக இருந்த பாடல்களையே மனிதர்கள் ஆயுசுக்கும் அதிகம் விரும்புகிறார்கள் என்று தெரிந்தது. பெரியப்பாவுக்கு எண்பதுகளின் இளையராஜா, உங்களுக்கு யுவன் என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கும் சண்டைக்கு அறிவியல் விளக்கம் இதுதான் போலிருக்கிறது.

அதே இருவர் 2003-ல் கார்களின் தோற்றத்தை வைத்து இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆண்களிடம் அதே போக்கு தெரிந்தது: தங்கள் இளமையில் ரோட்டில் ஓடிய கார்களின் வடிவத்தின் மீதே ஈர்ப்பு. பெண்களிடம் அப்படித் தெரியவில்லை. ஒரு பொருளோடு இளமையில் உணர்ச்சிபூர்வமான பிணைப்பு இருந்தால்தான் அந்த ரசனை நிலைக்கும் என்பது அவர்கள் தந்த விளக்கம். அந்தத் தலைமுறையில் பெண்களை யாரும் எஞ்சின் பக்கம் விடவில்லை என்பதையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம். இன்று இருபது வயதில் இருக்கும் பெண்களிடம் இன்னும் 30 வருஷம் கழித்து இதே ஆய்வைச் செய்தால் முடிவு வேறாக இருக்கும் என்பது என் கணிப்பு.

சரி, ஆசை 20 வயதில் வந்துவிடுகிறது. காசு? அது எல்லாருக்கும் 45-க்கு மேல்தான். பிள்ளைகள் படித்து முடித்திருப்பார்கள், வீட்டுக் கடன் இ.எம்.ஐ. ஓரளவு அடைந்திருக்கும். ஷெட்டில் ஒரு இடம் காலியாகும். ஆசை பிறந்த வருஷத்துக்கும் கையில் காசு வரும் வருஷத்துக்கும் நடுவே உள்ள இந்த 25, 30 வருஷ இடைவெளிதான் பழைய கார் சந்தையின் கடிகாரம்.

கடிகாரம் ஒருமுறைகூட பிசகியதில்லை

இது ஏதோ புதுசாக நடப்பது இல்லை. அமெரிக்காவின் பெரிய பழைய கார் சங்கங்களில் ஒன்று 1935-லும் இன்னொன்று 1937-லும் தொடங்கின. அவை அன்று கொண்டாடியது 1900-களின் ஆரம்பத்தில் வந்த, பித்தளை விளக்கு வைத்த ‘குதிரையில்லா வண்டி’களை. அப்போதும் அதே 30 வருஷ இடைவெளிதான். சிறுவனாக இருந்தபோது தெருவில் புழுதி கிளப்பிப் போன முதல் காரை வாய்பிளந்து பார்த்தவர், நடுவயதில் அதைத் தேடிப் போனார்.

அடுத்து ஹாட் ராட் பையன்களின் முறை. 1970-ல் இல்லினாய் மாநிலம் பியோரியாவில் முதல் தேசிய ‘ஸ்ட்ரீட் ராட்’ கூட்டம் நடந்தது. 1973-ல் ஜார்ஜ் லூகாஸ் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ எடுத்தார். ஆமாம், ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்த அதே லூகாஸ். 1962-ல் ஓர் இரவு முழுக்க கார் ஓட்டித் திரியும் பள்ளிப் பிள்ளைகளின் கதை. அதில் வரும் மஞ்சள் நிற 1932 ஃபோர்டு, அந்தக் காரை வாழ்நாளில் தொட்டிராத பையன்களின் மனதிலும் போய் உட்கார்ந்தது. நேரில் கிடைக்கும் அனுபவத்தைப் போலவே சினிமாவும் ஆசையை விதைக்கும் என்பதற்கு இந்தப் படம் நல்ல சாட்சி.

பூமர்கள் வளர்ந்த காலம் வேறு. 1955, 56, 57 வருஷத்து ஷெவ்ரலே கார்கள். 1964-ல் போன்டியாக் ஜி.டி.ஓ., அதே வருஷம் ஏப்ரல் 17 அன்று 2,368 டாலருக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங். நடுத்தர அளவு உடம்பில் பெரிய எஞ்சினைத் திணித்த இந்த ‘மஸில் கார்’களின் ஆட்டம் எழுபதுகளின் தொடக்கத்திலேயே அடங்கிவிட்டது. இளைஞர்களுக்கு இன்சூரன்ஸ் பிரீமியம் எகிறியது, காற்று மாசு விதிகள் இறுகின, 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஆட்டம் பத்து வருஷம்கூட நீடிக்கவில்லை என்பதே அந்தக் கார்களைக் கனவாக்கியது.

கனவு நனவானது 2000-களில். பூமர்கள் சம்பாத்தியத்தின் உச்சத்தில் இருந்த நேரம். 2006 ஜனவரியில் பாரெட்-ஜாக்சனின் ஸ்காட்ஸ்டேல் ஏலத்தில் 1970 பிளிமத் ஹெமி குடா கன்வர்ட்டிபிள் ஒன்று 21.6 லட்சம் டாலருக்கு விற்றது. புதிதில் சில ஆயிரம் டாலருக்கு வந்த கார். 2008 நிதி நெருக்கடியில் விலைகள் சரிந்து, பிறகு மீண்டன. 2014-ல் மிக அரிதான 1971 ஹெமி குடா கன்வர்ட்டிபிள் 35 லட்சம் டாலரைத் தொட்டது.

அதற்கடுத்த தலைமுறையின் படுக்கையறைச் சுவரில் ஃபோர்டும் இல்லை, ஷெவியும் இல்லை. ‘கிரான் டூரிஸ்மோ’ வீடியோ கேம் 1997 டிசம்பரில் ஜப்பானில் வெளியாகி மறு வருஷம் அமெரிக்கா வந்தது. நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர் என்ற காரை அமெரிக்கப் பையன்கள் முதன்முதலில் ‘ஓட்டியது’ பிளேஸ்டேஷனில்தான். ஏனென்றால் அந்தக் கார் அவர்கள் நாட்டில் விற்கவே இல்லை. 2001-ல் ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ வந்தது. 1990-ல் பிறந்த ஒருவருக்கு அப்போது 11 வயது. இப்போது முப்பதுகளின் நடுவில் இருக்கிறார், கையில் கொஞ்சம் காசும் இருக்கிறது. மேலே சொன்ன ஏல விலைகளை இப்போது திரும்பப் படித்தால் ஆச்சரியம் குறையும்.

2017-ல் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ‘ராட்வுட்’ என்று ஒரு கண்காட்சி தொடங்கியது. 1980 முதல் 1999 வரை வந்த கார்களுக்கு மட்டும் அனுமதி. வருபவர்களும் அந்தக் காலத்து உடையில் வருவார்கள். ஆரம்பத்தில் பெருசுகள் இதை விளையாட்டாகத்தான் பார்த்தார்கள். 2022-ல் பழைய கார் இன்சூரன்ஸில் பெரிய கையான ஹேகர்ட்டி நிறுவனம் அதை விலைக்கு வாங்கிவிட்டது. காசு எந்தப் பக்கம் நகர்கிறது என்று இன்சூரன்ஸ்காரர்களுக்குத்தான் முதலில் தெரியும்!

முட்டி வலியும் ஒரு காரணம்

தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது ஒரு கதை. ஒரே ஆளுக்கு வயதாக ஆக ரசனை மாறுவது இன்னொரு கதை. இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, ஆனால் சுவாரஸ்யம் இதில்தான் இருக்கிறது.

கூரையை அறுத்துக் குள்ளமாக்கிய ஹாட் ராடில் 20 வயசுப் பையன் ஜன்னல் வழியாகக்கூட ஏறி உட்காருவான். 65 வயதில் அதே காரில் ஏறி இறங்குவது ஒரு யோகாசனம். பவர் ஸ்டியரிங் கிடையாது. கிளட்சை மிதிக்க இடது முட்டி ஒத்துழைக்காது. டிரம் பிரேக் நான்கு சக்கரத்திலும் ஒரே மாதிரி பிடிக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஏ.சி. என்ற பேச்சுக்கே இடமில்லை. சத்தம்? 20 வயதில் அதுதான் சங்கீதம். 60-ல் அரை மணி நேரத்தில் தலைவலி.

அதனால் என்ன செய்தார்கள்? காரை விடவில்லை. உள்ளே இருப்பதை மாற்றினார்கள். எழுபது, எண்பதுகளின் ‘ஸ்ட்ரீட் ராட்’ என்பதே இந்தச் சமரசத்தில் பிறந்ததுதான். வெளியே 1932 உருவம். உள்ளே ஷெவ்ரலேயின் வி8, ஆட்டோமேட்டிக் கியர், டிஸ்க் பிரேக், ஏ.சி., மெத்தென்ற சீட். 1983-ல் இசட்.இசட். டாப் இசைக்குழு தன் ஆல்பத்தின் அட்டையிலும் வீடியோக்களிலும் காட்டிய சிவப்பு 1933 ஃபோர்டு இந்த வழவழப்பான பாணியை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இப்போது மஸில் கார்களுக்கும் இதே வைத்தியம் நடக்கிறது. பழைய உடம்பு, புது எஞ்சின், புது சஸ்பென்ஷன். ‘ரெஸ்டோமாட்’ என்று பெயர். 1997-ல் ஷெவ்ரலே கார்வெட்டில் அறிமுகமான எல்.எஸ். எஞ்சின் இதற்கென்றே அவதரித்தது போல எந்த வண்டியிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

வேகத்தின் மீதான ஆசையும் மெல்ல மாறுகிறது. 20 வயதில் கால் மைல் பந்தயத்தில் பக்கத்து வண்டியை முந்த வேண்டும். 40-ல் நட்டு போல்ட் வரைக்கும் கம்பெனியில் வந்த மாதிரியே இருக்க வேண்டும், கண்காட்சியில் பரிசு வாங்க வேண்டும். 65-ல் மனைவியோடு ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கப் போய்வந்தால் போதும். எல்லாரும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. 75 வயதிலும் உப்புப் பாலைவனத்தில் வேக சாதனைக்கு முயல்பவர்கள் உண்டு. ஆனால் பெரும்பான்மை இந்த வழியில்தான் போகிறது, கடைகளும் அதற்கேற்பத்தான் பாகம் விற்கின்றன.

இளைஞர்களின் எதிர்வினையும் உடனே வந்தது. தொண்ணூறுகளில் ‘ராட் ராட்’ அல்ல, ‘ரேட் ராட்’ என்று ஒரு பாணி கிளம்பியது. எலி வண்டி என்று அர்த்தம். பெயின்ட் அடிக்காத, துருப்பிடித்த, குப்பையில் கிடைத்த பாகங்களை ஒட்டவைத்த கார். ஒரு லட்சம் டாலர் செலவழித்து, மழை வந்தால் வெளியே எடுக்கப் பயப்படும் பெரியவர்களைப் பார்த்துச் செய்த கிண்டல் அது. ஒரு விதத்தில் 1940-களின் காசில்லாத பையன்களுக்கு அந்தப் பெரியவர்களைவிட இந்தக் கிண்டல்காரர்கள்தான் நெருக்கமான சொந்தம்.

இப்போது என்ன பிரச்சினை?

பூமர்களில் மூத்தவர்களுக்கு இப்போது 80 வயது நெருங்குகிறது. ஷெட்டில் மூன்று கார் வைத்திருப்பவர் இறந்துபோனால், அல்லது சின்ன வீட்டுக்குக் குடிபெயர்ந்தால், அவை சந்தைக்கு வரும். அப்படிப் பலருடைய கார்கள் ஒரே காலத்தில் வருகின்றன. வாங்கக்கூடிய அதே வயதுக்காரர்களும் விற்கும் மனநிலையில்தான் இருக்கிறார்கள். அடுத்த தலைமுறைக்கோ 1950-களின் ஷெவியோடு எந்த நினைவும் இல்லை. விலை இறங்காமல் என்ன செய்யும்?

குடும்பங்களுக்கு இதில் நிஜமான அடி விழுகிறது. பட்டறையில் கொடுத்துச் செய்த ஸ்ட்ரீட் ராடுக்குச் செலவான தொகையில் பாதிகூடத் திரும்ப வராமல் விற்பது அங்கே சகஜம். “இது உங்களுக்கு நான் சேர்த்துவைக்கிற சொத்து” என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்த கார், அவர் போன பிறகு பிள்ளைகளுக்கு இடத்தை அடைக்கும் சாமானாகிறது. இங்கே ஊரில் தாத்தா கட்டிய பெரிய வீட்டை வைத்துக்கொண்டு பெங்களூருவில் இருக்கும் பேரப்பிள்ளைகள் விழிக்கிறார்களே, அதே கதைதான்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் கைவேலை. ஃபிளாட்ஹெட் வி8-ஐக் காதால் கேட்டு டியூன் செய்பவர், கார்பரேட்டரைப் பிரித்துப் பூட்டுபவர், ஈயம் உருக்கி ஊற்றித் தகட்டின் ஒடுக்கை நிரப்பும் டிங்கர், இவர்களும் காரின் சொந்தக்காரர்களோடு சேர்ந்தே கிழமாகிறார்கள். லேப்டாப்பை எஞ்சினோடு இணைத்து டியூன் செய்யும் 30 வயதுக்காரர் திறமையில் குறைந்தவர் இல்லை. அவர் கற்றது வேறு மொழி.

சங்கங்கள் இதைப் புரிந்துகொண்டு வாசலைத் தள்ளிவைத்து வருகின்றன. ஸ்ட்ரீட் ராட் தேசியக் கூட்டத்தில் ஒருகாலத்தில் 1948-க்குப் பிந்தைய கார்களுக்கு இடமே இல்லை. பிறகு 30 வயதான எந்தக் காரும் வரலாம் என்று விதியை மாற்றினார்கள். 1983-ல் தொடங்கிய ‘குட்கைஸ்’ அமைப்பு 1972-ல் போட்டிருந்த கோட்டை 1987-க்கு நகர்த்தி, இப்போது தொண்ணூறுகளின் கார்களையும் உள்ளே விடுகிறது. பழைய உறுப்பினர்களில் சிலருக்கு இதில் கோபம். ஹோண்டா சிவிக்கை என் டியூஸ் பக்கத்தில் நிறுத்துவதா என்று கேட்கிறார்கள். 1948-ல் அவர்கள் அப்பாக்களைப் பார்த்து, நல்ல ஃபோர்டை இப்படியா அறுத்து நாசம் பண்ணுவது என்று ஊர் கேட்டிருக்குமே, அது நினைவுக்கு வரவில்லை போல.

சட்டம் யார் பக்கம்?

ரசனையைச் சங்கம் மாற்றலாம். சட்டம் அவ்வளவு சீக்கிரம் நகராது. இளைஞர்களுக்கு ஒரு சட்டம் சாதகமாகவும் ஒரு சட்டம் பாதகமாகவும் அமைந்திருப்பதுதான் இங்கே வேடிக்கை.

எண்பதுகளில் ஐரோப்பாவிலிருந்து பென்ஸ் போன்ற கார்களைத் தனியார் நேரடியாக இறக்குமதி செய்தார்கள். அங்கீகரிக்கப்பட்ட டீலர்களுக்கு வயிற்றில் அடி. 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: அந்நாட்டுப் பாதுகாப்பு விதிப்படி தயாராகாத காரை உள்ளே கொண்டுவர வேண்டுமானால் அதற்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும். போட்டவர்கள் மனதில் இருந்தது வியாபாரப் பாதுகாப்பு. ஆனால் அந்த 25 வருஷம், நாம் மேலே பார்த்த ஏக்கக் கடிகாரத்தோடு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. 1989-ல் வந்த ஸ்கைலைன் ஆர்32 ஜி.டி.-ஆர் 2014-ல் சட்டபூர்வமானது. 1999 ஜனவரியில் வந்த ஆர்34 ஜி.டி.-ஆருக்கு 2024-ல் கதவு திறந்தது. மொத்தமே சுமார் 11,500 கார்கள்தான் செய்தார்கள். கார் தயாரான மாதத்தைக் கணக்கிட்டு, அந்த மாதம் வரும்வரை ஜப்பானிலேயே நிறுத்திவைத்துக் காத்திருந்தார்கள்.

2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு இறக்குமதிக் கார்களுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது நினைவிருக்கும். அதிலும் 25 வயது தாண்டிய கார்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள்.

இதே விதியில் நமக்கு ஒரு சொந்தமும் உண்டு. ஸ்கைலைன் வாங்க முடியாத அமெரிக்க இளைஞர்கள் தொண்ணூறுகளின் ஜப்பான் குட்டி டிரக்குகளை வாங்குகிறார்கள். சுசுகி கேரி அதில் முக்கியமானது. நம்ம ஊர் மாருதி ஆம்னி பிறந்ததே கேரியிலிருந்துதான். ஸ்கூல் வேனாகவும் ஆம்புலன்ஸாகவும் நாம் பார்த்துச் சலித்த வண்டியின் அண்ணன், அங்கே போட்டோ எடுத்துப் போடும் பொருள். சில மாநிலங்கள் பாதுகாப்பைக் காரணம் காட்டி இந்த டிரக்குகளின் பதிவை மறுக்கவும் செய்தன.

பாதகமான சட்டம் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. ஹாட் ராட் பிறந்த மண். அங்கே 1975 வரையிலான மாடல்களுக்குப் புகைப் பரிசோதனை கிடையாது. முன்பு 30 வயதான எந்தக் காருக்கும் விலக்கு என்று இருந்தது. 2004-ல் அதை மாற்றி, 1975-லேயே கோட்டை நிரந்தரமாக நிறுத்தினார்கள். விளைவு? பூமரின் 1969 கமாரோ எவ்வளவு புகைவிட்டாலும் கேட்க ஆள் இல்லை. இளைஞரின் 1985 மாடல் காரோ இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனையில் தேற வேண்டும். அதற்குரிய பழைய பாகம் கிடைக்காவிட்டால் வண்டி ஷெட்டோடு சரி.

35 வயதான, சேகரிப்புக் கார் இன்சூரன்ஸ் உள்ள வண்டிகளுக்கு விலக்கு தரும் மசோதா ஒன்று 2025-ல் வந்தது. தொலைக்காட்சிப் பிரபலமும் கார் சேகரிப்பாளருமான ஜே லெனோ ஆதரித்ததால் ‘லெனோ சட்டம்’ என்றே பெயர். செனட்டில் நிறைவேறிய அது, ஆகஸ்டில் கீழவையின் நிதிக் குழுவைத் தாண்டவில்லை. எதிர்ப்பவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது: ஒரு பழைய கார் விடும் புகை, இன்றைய பல கார்கள் விடுவதற்குச் சமம். லாஸ் ஏஞ்சல்ஸ் காற்றின் வரலாறு தெரிந்தவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்த நியாயம் 1969 காருக்கும்தானே பொருந்தும்? ஒரு தலைமுறையின் ஏக்கத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்துக் கதவைச் சாத்தியதுதான் இடிக்கிறது.

இந்தியாவில் கணக்கு இன்னும் நீளம். 2021 விதிப்படி 50 வயது முடிந்த வண்டியைத்தான் ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். 1983 டிசம்பரில் வந்த முதல் மாருதி 800 அந்தத் தகுதிக்கு 2033 வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் எத்தனை மிஞ்சியிருக்கும்? 1996-ல் நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ்.100-க்கு இன்று கேட்கும் விலையைப் பார்த்தால், நம்மவர்களின் கடிகாரமும் 25, 30 வருஷத்துக்கே சாவி கொடுக்கப்பட்டது என்று தெரியும்.

அப்படியானால் ஹாட் ராட் முடிந்ததா?

மொத்தமாக முடியாது. ஒரு கார் நினைவின் பிடியிலிருந்து விடுபட்டு கலைப்பொருளாகிவிட்டால் அதற்கு வயது கிடையாது. 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜி.டி.ஓ. ஒன்று 2018-ல் 4.84 கோடி டாலருக்கு விற்றது. அதை வாங்குபவர் 1962-ல் தெருவில் அதைப் பார்த்து ஏங்கியவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. 1932 ஃபோர்டும் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பணக்காரர்களின் பெபிள் பீச் கண்காட்சி 1997-லேயே ஹாட் ராடுகளுக்குத் தனிப் பிரிவு கொடுத்துவிட்டது. டியூஸின் உடலைப் புதிய இரும்புத் தகட்டில் அச்சு அசலாக இன்றும் தயாரித்து விற்கிறார்கள். சரித்திரம் உள்ள, பந்தயத்தில் ஓடிய அசல் ஹாட் ராடுகள் பிழைத்துக்கொள்ளும். சிக்கல் நடுவில் இருக்கும் ஆயிரக்கணக்கான சாதாரண வண்டிகளுக்கு: எண்பதுகளில் வெளிர் நிறம் அடித்து, வெல்வெட் சீட் போட்ட ஸ்ட்ரீட் ராடுகள், நான்கு கதவு ஷெவிகள், மாடல் ஏக்கள்.

இவற்றுக்கும் ஒரு வழி தெரிகிறது. நியூ ஜெர்சியின் வைல்ட்வுட் கடற்கரை மணலில் ‘தி ரேஸ் ஆஃப் ஜென்டில்மென்’ என்று ஒரு பந்தயம் நடக்கிறது. போருக்கு முந்தைய கார்கள், பழைய பைக்குகள், அந்தக் கால உடைகள். ஓட்டுபவர்களிலும் பார்ப்பவர்களிலும் இளைஞர்கள் நிறைய. யாருக்கும் 1932 நினைவில் இருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் வருகிறார்கள். காரணம் எளிது: மாடல் ஏ மலிவு, ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே பிரித்துப் பூட்டலாம், திரையும் சென்சாரும் இல்லை. விலை சரிந்ததால் அந்தக் கார் மறுபடியும் காசில்லாத பையன்களின் கைக்கு எட்டியிருக்கிறது. 1945-ல் நடந்ததும் இதுதான்.

விலை சரிவைப் பார்த்து வருத்தப்படும் பெரியவர்கள் பலர், வண்டியை உறைபோட்டு மூடிவைத்து “நல்ல விலை வரட்டும்” என்று காத்திருக்கிறார்கள். வராது என்பதே என் மதிப்பீடு. பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சாவியைக் கொடுத்து ஒருமுறை ஓட்டவிடுபவரின் காருக்குத்தான் அடுத்த சொந்தக்காரர் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்கைலைன்காரர்களுக்கும் இதே நிலைமை ஒருநாள் வரும். ஆர்34 உற்பத்தி 2002-ல் முடிந்தது. அதனால் 2027-க்குள் கடைசி வண்டியும் 25 வயதைத் தாண்டிவிடும், சட்டம் உண்டாக்கிய தட்டுப்பாடு அத்தோடு விலகும். இன்று அதற்குப் பல லட்சம் டாலர் கொடுப்பவருக்கு 2055 வாக்கில் 65 வயது. அன்று 45 வயதில் இருக்கப்போகிறவர், இப்போது பள்ளிக்கூடப் பையனாக அல்லது பெண்ணாக, ஏதோ ஒரு காரை போன் திரையில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.